எல்.இ.டி, கியூ.எல்.இ.டி, மினி எல்.இ.டி, ஓ.எல்.இ.டி: உங்க வீட்டு ஹாலுக்கு எந்த டிவி சரி? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 30,000 ரூபாய் விலை உள்ள ஒரு டிவிக்கு முன்பு 38,400 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போ 35,400 ரூபாய். 3,000 ரூபாய் மிச்சம். 32 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள டிவிகளுக்கு ஏற்கெனவே 18 சதவீத வரிதான் என்பதால் அங்கே மாற்றம் இல்லை.

சின்ன டிவியிலிருந்து 43, 55 அங்குலத்துக்கு மாறலாமா என்று யோசிச்சுக்கிட்டு இருக்கிற வீடுகளுக்கு இது நல்ல செய்தி. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் புதுசு புதுசா வீடுகள் வந்துக்கிட்டு இருக்கு. மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கிற பலர் முதல் சொந்த வீட்டுக்கு முதல் பெரிய டிவியை வாங்குறாங்க. அதுவும் பெரும்பாலும் இ.எம்.ஐ.யில்.

ஆனா கடைக்குள்ள போனா குழப்பம். எல்.இ.டி, கியூ.எல்.இ.டி, கியூ.என்.இ.டி, மினி எல்.இ.டி, ஓ.எல்.இ.டி என்று அட்டைப் பெட்டியில் எழுத்துகள் மட்டும் மாறுது. விலை 20 ஆயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டிப் போகுது. எது யாருக்கு? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா...

• பெயர்கள் எத்தனை இருந்தாலும் திரையில் அடிப்படை வகை இரண்டுதான்: பின்னால் விளக்கு வச்சது, தானே ஒளிர்வது.

• பகல் வெளிச்சம் நிறைய வர்ற ஹால், காலையிலிருந்து ராத்திரி வரை செய்தியும் சீரியலும் ஓடுற வீடு என்றால் எல்.இ.டி அல்லது மினி எல்.இ.டி.

• ராத்திரி லைட்டை அணைச்சிட்டுப் படம் பார்க்கிற வீடு என்றால் ஓ.எல்.இ.டி.

• கேபிளில் சாதாரண எஸ்.டி. சேனல் மட்டும் பார்க்கிறவங்களுக்குப் பெரிய 4கே திரையால் பெரிய லாபம் இல்லை.

• வாங்கும் முன் அளக்க வேண்டியது சுவரை அல்ல. சோபாவுக்கும் டிவிக்கும் உள்ள தூரத்தை.

பெயர் பல, வகை இரண்டு

தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் கொடுக்கப்பட்டது 14 அங்குல டப்பா டிவி. பின்பக்கம் நீண்டிருக்கும் கண்ணாடிக் குழாய்தான் அதன் உயிர். குழாய்க்குள்ளிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை கண்ணாடியின் உள்பூச்சில் பட்டுப் படமாகும். அதற்கு அப்புறம் கொஞ்ச காலம் பிளாஸ்மா வந்தது. பானாசோனிக், சாம்சங், எல்.ஜி. மூன்றுமே 2013, 2014-ல் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டன.

இன்றைக்குக் கடையில் இருப்பவை இரண்டு குடும்பங்கள்.

முதல் குடும்பம் எல்.சி.டி. இதில் திரை தானாக ஒளிராது. பின்னால் ஒரு வெள்ளை அல்லது நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு, ஜன்னல் பலகை மாதிரி ஒவ்வொரு புள்ளியிலும் திறந்து மூடி, எவ்வளவு வெளிச்சம் வெளியே போகணும் என்று முடிவு செய்யும். எல்.இ.டி, கியூ.எல்.இ.டி, கியூ.என்.இ.டி, மினி எல்.இ.டி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது குடும்பம் ஓ.எல்.இ.டி. இதில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தனி விளக்கு. கறுப்பு வேணும் என்றால் அந்தப் பிக்சல் அணைஞ்சிடும்.

அதாவது கியூ.எல்.இ.டி.க்கும் ஓ.எல்.இ.டி.க்கும் எழுத்தில்தான் ஒற்றுமை. தொழில்நுட்பத்தில் இரண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைகள். கடையில் ஏற்படும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குது.

சாதாரண எல்.இ.டி: இதிலும் இரண்டு ரகம்

'எல்.இ.டி டிவி' என்று விற்கப்படுவது உண்மையில் எல்.இ.டி. பின்னொளி வைத்த எல்.சி.டி. டிவி. விளக்கு எங்கே பொருத்தப்பட்டிருக்கு என்பதில்தான் வித்தியாசம்.

திரையின் ஓரத்தில் மட்டும் விளக்கு வரிசையை வச்சு, ஒரு பிளாஸ்டிக் தகடு வழியா வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்பினால் அது எட்ஜ் லிட். டிவி ரொம்ப மெலிசா இருக்கும். திரைக்குப் பின்னால் பரவலா விளக்குகளை வச்சால் அது டைரக்ட் லிட். டிவி கொஞ்சம் தடிமனா இருக்கும்.

பார்க்க அழகா இருக்கு என்று மெலிசான டிவியை எடுக்கிறவங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்ற விமர்சனத் தளம், 100 டிவிகளை நீண்ட காலம் தொடர்ந்து ஓட விட்டு எது எப்படித் தேயுது என்று சோதிச்சது. அதில் எட்ஜ் லிட் டிவிகளில்தான் பின்னொளிக் கோளாறுகள் அதிகம் தெரிஞ்சது. ஒரே ஓரத்தில் வெப்பம் குவியுது. அதனால் தகடு விரிசல் விடுது, உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் நெளியுது, விளக்கு கருகுது. நம்ம ஊர் சித்திரை வெயிலில், ஏ.சி. இல்லாத ஹாலில் நாள் முழுக்க ஓடுற டிவிக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி. விலை ஒன்றாக இருந்தால் டைரக்ட் லிட் மாடலைத் தேர்ந்தெடுக்கலாம்.

கியூ.எல்.இ.டி: நிறம் கூடும், கறுப்பு கூடாது

பின்னொளிக்கும் திரைக்கும் நடுவில் குவான்டம் டாட் என்ற மிக நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு தாளை வைத்தால் அது கியூ.எல்.இ.டி. நீல வெளிச்சம் அந்தத் துகள்களில் பட்டதும் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாறும். துகளின் அளவைப் பொறுத்து நிறம் மாறும் என்பதுதான் இதன் அதிசயம். குவான்டம் டாட்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மௌங்கி பவேண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் பட்டுப்புடவையின் சிவப்பு, வாழை இலையின் பச்சை எல்லாம் அடர்த்தியா தெரியும். ஆனா பின்னொளி பழைய மாதிரியேதான் இருக்கு. இருட்டான காட்சியில் கறுப்பு, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். 'கியூ.எல்.இ.டி வாங்கினா தியேட்டர் மாதிரி இருக்கும்' என்று கடையில் சொன்னால், நிறத்துக்கு மட்டும் அது பொருந்தும் என்று எடுத்துக்கணும்.

மினி எல்.இ.டி: நம்ம ஹாலுக்கு நெருக்கமானது

எல்.சி.டி. குடும்பத்தின் பெரிய குறை, கறுப்பு காட்டும்போதும் பின்னால் விளக்கு எரிவது. இதைச் சரி செய்யப் பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்தார்கள். நிலா இருக்கும் இடத்தில் மட்டும் விளக்கு எரியும். சுற்றியுள்ள வானத்தில் அணையும். விளக்குகளைப் பொடிப்பொடியாக்கி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அடுக்கி, பகுதிகளையும் கூட்டினால் அதுதான் மினி எல்.இ.டி. டி.சி.எல். நிறுவனம் 2019-ல் இதை டிவியில் கொண்டு வந்தது. இன்று பெரும்பாலான பிராண்டுகளிடம் இருக்கு.

இதன் பலம் வெளிச்சம். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வாங்க. விலை குறைந்த எல்.இ.டி. டிவிகள் பொதுவா 200 முதல் 300 நிட்ஸ் வரை கொடுக்கும். நல்ல மினி எல்.இ.டி. 1,000 நிட்ஸைத் தாண்டும். பால்கனிக் கதவு திறந்திருக்கும் மத்தியான நேரத்தில் இந்த வித்தியாசம் நேராகவே கண்ணுக்குத் தெரியும்.

பலவீனமும் உண்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்தைச் சுற்றி லேசா ஒளிவட்டம் தெரியும். பகுதிகள் குறைவா இருந்தால் வட்டம் பெருசாகும். அதனால் 'மினி எல்.இ.டி' என்ற பெயரை மட்டும் பார்க்காம, 'எத்தனை டிம்மிங் ஸோன்?' என்று கேளுங்க. எண்ணிக்கை சொல்லத் தயங்கினால் குறைவு என்று புரிஞ்சுக்கலாம்.

ஓ.எல்.இ.டி: படத்துக்கு ராஜா, செய்திக்கு ஜாக்கிரதை

இருட்டறையில் ஓ.எல்.இ.டி.யை மிஞ்ச ஆளில்லை. கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. வேகமான காட்சியில் இழுவை இருக்காது.

ஆனா 'ஓ'வுக்கு அர்த்தம் ஆர்கானிக், அதாவது கரிமப் பொருள். எரிய எரியத் தேயும். எல்லாப் பிக்சலும் ஒரே அளவு தேய்ந்தால் நமக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் வேகமா தேய்ந்து, சேனலை மாற்றினாலும் நிழல் மாதிரி தடம் தெரியும். இதுக்குப் பேர்தான் பர்ன்-இன்.

ஒரே இடத்தில் நிற்கும் படம் எது? சேனல் லோகோ. கீழே ஓடும் செய்திப் பட்டை. 'பிரேக்கிங்' என்ற சிவப்புக் கட்டம். அதாவது, எங்களை மாதிரி செய்தி சேனல்கள்தான் ஓ.எல்.இ.டி.க்கு முதல் எதிரி. இதை ஒரு செய்தி சேனலின் தளத்திலேயே சொல்ல வேண்டியிருக்கு. ஆனா உண்மை அதுதான்.

மேலே சொன்ன அதே ஆர்டிங்ஸ் தளம் 2018-ல் ஆறு ஓ.எல்.இ.டி. டிவிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓட விட்டது. சி.என்.என். செய்தி சேனல் ஓடிய டிவிகளில், அதிலும் வெளிச்சத்தை முழுசா கூட்டி வைத்த டிவியில், தடம் தெளிவா விழுந்தது. அதுக்கப்புறம் வந்த பேனல்கள் மேம்பட்டிருக்கு. பல வகை நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றி தினம் சில மணி நேரம் பார்க்கிற வீட்டுக்குப் பெரிய பயம் தேவையில்லை. ஆனா காலை ஆறு மணிக்குப் போட்ட செய்தி சேனலை ராத்திரி வரை மாற்றாத தாத்தா, பாட்டி இருக்கிற வீட்டுக்கு ஓ.எல்.இ.டி. வேண்டாம்.

இன்னொரு விஷயம். டிவியை ரிமோட்டில் அணைச்ச கையோட சுவர் சுவிட்சையும் அணைக்கிறது நம்ம வீட்டுப் பழக்கம். ஓ.எல்.இ.டி. டிவிகள் அணைந்திருக்கும்போது ஸ்டேண்ட்பையில்தான் பிக்சல்களைச் சமன் செய்யும் வேலையைப் பார்க்கும். மின்சாரத்தையே துண்டித்தால் அந்த வேலை நடக்காது. ஓ.எல்.இ.டி. வாங்கினால் அந்தப் பழக்கத்தை மாத்திக்கணும்; இடி மின்னல் நேரம் மட்டும் விதிவிலக்கு.

பர்ன்-இன் பாதிப்புக்குப் பல வாரன்டிகளில் இடம் இல்லை. வாங்கும் முன் வாரன்டி அட்டையில் அந்த வரியைத் தேடிப் படிச்சிடுங்க.

குவான்டம் டாட் சேர்ந்த கியூ.டி. ஓ.எல்.இ.டி. 2022-ல் வந்தது, நிறம் இன்னும் நல்லா இருக்கும். மைக்ரோ எல்.இ.டி., சிவப்பு-பச்சை-நீலம் என்று தனித்தனி பின்னொளி கொண்ட ஆர்.ஜி.பி. மினி எல்.இ.டி. ஆகியவை 2025-ல் மிகப் பெரிய, மிக விலை உயர்ந்த டிவிகளில்தான் பேசப்பட்டது. சாதாரண பட்ஜெட்டில் இதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பிராண்டு வேற, பேனல் ஒண்ணா?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியா ஸ்ரீபெரும்புதூர் போற சாலை நம்ம பகுதியின் தொழிற்சாலைச் சாலை. ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினோடு டிவியும் தயாராகுது. அப்போ திரையும் இங்கேதான் தயாராகுதா என்றால், இல்லை. இந்தியாவில் விற்கும் டிவிகளுக்கான கண்ணாடித் திரை, தொழிலில் 'ஓப்பன் செல்' என்று சொல்லும் பகுதி, இறக்குமதியாகத்தான் வருது. பின்னொளி, போர்டு, வெளிச்சட்டம் எல்லாம் சேர்த்துப் பொருத்துவது இங்கே.

சாம்சங் டிஸ்ப்ளே 2022-ல் எல்.சி.டி. பேனல் தயாரிப்பிலிருந்தே விலகியது. எல்.ஜி. டிஸ்ப்ளே சீனாவின் குவாங்சோவில் இருந்த தன் எல்.சி.டி. ஆலையை டி.சி.எல். குழுமத்துக்கு விற்று, 2025-ல் ஒப்படைத்தது. இன்று உலகின் பெரும்பாலான எல்.சி.டி. டிவி பேனல்கள் சீன நிறுவனங்களிடமிருந்து வருது. விலையில் பெரிய வித்தியாசம் உள்ள இரண்டு பிராண்டுகளுக்குள் ஒரே நிறுவனத்தின் பேனல் இருக்க வாய்ப்புண்டு.

அப்போ கூடுதல் பணம் எதுக்கு? பின்னொளியின் தரம், படத்தைச் செதுக்கும் சிப், சாஃப்ட்வேர், சர்வீஸ் ஆகியவற்றுக்கு. கடைசியாகச் சொன்னதுதான் புறநகரில் முக்கியம். பழுது என்றால் டெக்னீஷியன் வீட்டுக்கு வருவாரா, செங்கல்பட்டு, மறைமலை நகர் பக்கம் சர்வீஸ் உண்டா என்று உங்க பின்கோடைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுடுங்க. திரை உடைந்தால் மாற்றும் செலவு கிட்டத்தட்ட புது டிவி விலைக்கே வந்துடும். அதனால் 'பேனலுக்கு எத்தனை வருஷ வாரன்டி?' என்பது தனிக் கேள்வி.

எத்தனை அங்குலம்? கணக்கு ரொம்ப ஈஸி

டிவி அளவு என்பது மூலைக்கு மூலை உள்ள நீளம். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 4 அடி. 43 அங்குலத்துக்குச் சுமார் 3 அடி.

திரை அளவை 1.6-ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் அங்குலத்தில் வரும். அந்தக் கணக்கில்:

• 32 அங்குலம்: சுமார் 4 அடி

• 43 அங்குலம்: சுமார் 6 அடி

• 55 அங்குலம்: சுமார் 7.5 அடி

• 65 அங்குலம்: சுமார் 9 அடி

நம்ம பக்கத்து அபார்ட்மென்ட்களில் ஹால் 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் நம்ம தலை சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் இருக்கும். கண்ணுக்கும் திரைக்கும் சுமார் 8 அடி. அங்கே 55 பொருந்தும். 65 வாங்கினால் சினிமாவுக்கு நல்லா இருக்கும். செய்தி, சீரியலுக்குக் கண் கொஞ்சம் அலையும். தரையில் பாய் போட்டு டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ற குழந்தைகள் இருந்தால் 43-ம் தாராளம்.

உயரத்திலும் தப்பு நடக்குது. உட்கார்ந்தால் கண் இருக்கும் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி இருக்கணும். ஷோகேஸுக்கு மேல், ஃபேன் பக்கத்தில் மாட்டினால் கழுத்து வலிதான் மிச்சம். ஒரே ஒரு விஷயம்: 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட தாழ்வான பகுதியில் தரைத்தள வீடு என்றால் மேஜையில் வைக்காம சுவரில் மாட்டுறதே நல்லது. பிளக் பாயிண்ட்டையும் மேலே வச்சிடுங்க.

நீங்க பார்க்கிற சேனல் என்ன?

இந்தக் கேள்வியை ஷோரூமில் யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா இதுதான் ரொம்ப முக்கியம்.

கேபிள், டி.டி.எச். வழியா வரும் எஸ்.டி. சேனலில் ஒரு படத்துக்கு 720-க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். எச்.டி. சேனலில் சுமார் 20.7 லட்சம். 4கே திரையில் இருப்பதோ சுமார் 83 லட்சம். எஸ்.டி.யைப் போல சரியா 20 மடங்கு. இல்லாத புள்ளிகளை டிவி தானே ஊகிச்சு நிரப்பணும். சின்ன டிவியில் சுமாரா தெரிந்த படம் 55 அங்குலத்தில் கலங்கலா தெரிய இதுதான் காரணம். 'புது டிவி வாங்கினோம், பழசே தேவலை' என்று புலம்புறவங்க வீட்டில் பெரும்பாலும் கோளாறு டிவியில் இல்லை, சிக்னலில்.

அதனால் பெரிய டிவி வாங்கினால், தினமும் பார்க்கிற நாலு சேனலையாவது எச்.டி.க்கு மாற்றுங்க. எச்.டி. செட்-டாப் பாக்ஸ் வாங்கி, அதை எச்.டி.எம்.ஐ. வயரில் இணைக்கணும். பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் இணைத்தால் எச்.டி. வராது. ஓ.டி.டி. அதிகம் பார்க்கிற வீடு என்றால் 4கே-வின் பலன் நிஜமாகவே கிடைக்கும். ஆனா அந்தச் செயலியின் எந்த பிளானில் 4கே உண்டு என்று பார்த்துக்கணும்.

பக்கவாட்டில் உட்கார்றவங்க இருக்காங்களா?

எல்.சி.டி. பேனலில் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு ரகம். வி.ஏ. பேனலில் கறுப்பு அழுத்தமா இருக்கும். நேரா உட்கார்ந்து பார்த்தால் அருமை. பக்கவாட்டில் போனால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும். ஆனா ராத்திரியில் கறுப்பு சாம்பலா தெரியும்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற அம்மா, ஊஞ்சலில் அப்பா, ஓரத்து நாற்காலியில் விருந்தாளி என்று நாலு பக்கமும் ஆள் உட்கார்ற ஹாலுக்கு ஐ.பி.எஸ். வசதி. நேர் எதிரே சோபா மட்டும் என்றால் வி.ஏ. கடையில் டிவிக்கு நேரா மட்டும் நிற்காம ரெண்டு பக்கமும் நகர்ந்து பாருங்க. பத்து நொடியில் தெரிஞ்சிடும்.

எச்.டி.ஆர்., 120 ஹெர்ட்ஸ்: யாருக்குத் தேவை?

எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறை. டால்பி விஷன் அதில் ஒரு வகை. ஆனா 250 நிட்ஸ் கொடுக்கிற திரையில் 'எச்.டி.ஆர்.' என்று ஸ்டிக்கர் இருந்தாலும் கூடுதலா எதுவும் தெரியாது. சிக்னலைப் புரிஞ்சுக்கும், காட்டத் திறன் இருக்காது.

120 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 120 முறை மாறும். பிளேஸ்டேஷன் 5 மாதிரி கேம் ஆடுறவங்களுக்கு நல்ல பயன். கிரிக்கெட்டில் பந்து போகும் தடம் ஓரளவு தெளியும். சீரியலுக்கும் செய்திக்கும் 60 ஹெர்ட்ஸ் போதும். படம் பார்க்கும்போது எல்லாமே சீரியல் ஷூட்டிங் மாதிரி வழுவழுன்னு தெரிந்தால் மோஷன் செட்டிங்கை அணைச்சிடுங்க. சினிமா எடுக்கப்படுவது நொடிக்கு 24 ஃபிரேமில். டிவி நடுவில் தானே படங்களைச் செருகுறதால்தான் அப்படித் தெரியுது.

கரன்ட் பில் எகிறுமா?

100 வாட் டிவி தினம் 6 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 0.6 யூனிட். நம்ம மின்வாரியம் ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்குது. 60 நாளைக்கு 36 யூனிட். 10 மணி நேரம் ஓடினால் 60 யூனிட். இலவசமா கிடைக்கிற 100 யூனிட்டில் பாதிக்கு மேல் டிவிக்கே போயிடும். 200 வாட் இழுக்கிற பெரிய மினி எல்.இ.டி. என்றால் இதையெல்லாம் ரெண்டால் பெருக்குங்க. ஏற்கெனவே 500 யூனிட் எல்லையை ஒட்டி இருக்கிற வீடுகளில் இந்த 30, 40 யூனிட்தான் கட்டண அடுக்கையே மாத்தும்.

வாட் எவ்வளவு என்பது டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டார் லேபிளையும் பாருங்க. வீட்டில் 'விவிட்' மோடுக்குப் பதிலா 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா' மோடு வைத்தாலே மின்செலவும் குறையும், கண்ணுக்கும் இதமா இருக்கும்.

கடையில் செய்ய வேண்டியவை

• ஷோரூமில் எல்லா டிவியும் டெமோ மோடில், முழு வெளிச்சத்தில், அதுக்குன்னே எடுத்த 4கே வீடியோவோட ஓடும். 'ஸ்டாண்டர்ட்' மோடுக்கு மாற்றச் சொல்லுங்க.

• நீங்க வழக்கமா பார்க்கிற சேனலை, எஸ்.டி.யிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க.

• பென் டிரைவில் ஒரு இருட்டுக் காட்சியும் ஒரு முழு வெள்ளைப் படமும் எடுத்துட்டுப் போங்க. வெள்ளையில் திட்டு, ஓரத்தில் மங்கல் இருக்கான்னு பாருங்க.

• பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கணும். இல்லாத டிவி, எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

• ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்க. மாடல் எண், சீரியல் எண் அதில் இருக்கணும். டெலிவரி ஆட்கள் முன்னாலேயே டிவியைப் போட்டுத் திரை உடையலைன்னு பார்த்துட்டு, வீடியோவும் எடுத்து வச்சிடுங்க.

• செயலிகளுக்காக அதிகப் பணம் கொடுக்காதீங்க. சில வருஷத்தில் சாஃப்ட்வேர் பழசானால் தனியா ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டிக்கலாம். திரையை அப்படி மாற்ற முடியாது.

• மின்னழுத்தம் ஏறி இறங்குற பகுதி என்றால் ஸ்டெபிலைசர் போடுங்க. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கோடு கேபிள் வயரையும், டிஷ் வயரையும் கழற்றி வைங்க. மின்னல் அந்த வழியாவும் வரும்.

குறை இருந்தும் கடையோ நிறுவனமோ கண்டுக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீரலை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம்.

பழைய டிவியை என்ன செய்யறது?

டப்பா டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கு. அதை உடைச்சுக் குப்பையில் போடக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய டிவிகளை முறையா மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கு உண்டு. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறது சுலபமான வழி.

யாருக்கு எது?

பகலில் வெளிச்சம், நாள் முழுக்க செய்தியும் சீரியலும், நடுத்தர பட்ஜெட்: டைரக்ட் லிட் எல்.இ.டி. நிறம் முக்கியம் என்றால் கியூ.எல்.இ.டி.

பகலில் வெளிச்சம், ராத்திரியில் ஓ.டி.டி. படம், கிரிக்கெட், கொஞ்சம் கூடுதல் பட்ஜெட்: மினி எல்.இ.டி.

திரைச்சீலை போட்ட தனி அறை, பெரும்பாலும் சினிமாவும் வெப் சீரிஸும்: ஓ.எல்.இ.டி.

படுக்கையறை, அல்லது கேபிள் எஸ்.டி. சேனல் மட்டும்: 32 அங்குல சாதாரண எல்.இ.டி. மீதிப் பணத்தை மிச்சம் பிடிங்க, அல்லது ஒரு சவுண்ட் பார் வாங்குங்க. மெலிசான டிவிகளில் சத்தம் எப்பவுமே சுமார்தான்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு நாள் மதியம் 2 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் உங்க ஹாலில் வெளிச்சம் எப்படி இருக்குன்னு பாருங்க. சோபாவிலிருந்து சுவர் வரை டேப் வச்சு அளந்துடுங்க. வீட்டில் யார், என்ன சேனலை, எத்தனை மணி நேரம் பார்க்கிறாங்கன்னு எழுதுங்க. இந்த மூணு பதிலும் கையில் இருந்தால், பெட்டியில் என்ன எழுத்து இருந்தாலும் குழப்பம் வராது.